அளப்பவர் யார் பக்கம்?

கடலூர் மாவட்டத்துத் திட்டக்குடி போன்ற ஊர்களில் வீடு கட்டுகிறவருக்கும் மேஸ்திரிக்கும் நடுவே எழுதப்படும் ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரே முத்திரைத் தாளில் முடிந்துவிடும். சதுரடிக்கு இவ்வளவு, அட்வான்ஸ் இவ்வளவு, பேஸ்மட்டம் வந்ததும் ஒரு தவணை, லிண்டலுக்கு ஒன்று, தளம் போட்டதும் ஒன்று, பூச்சு முடிந்ததும் ஒன்று, சாவி கொடுக்கும்போது மீதி. இதுகூட இல்லாமல் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியும் தொகையும் மட்டும் குறித்துக்கொண்டு மாடி எழுப்பியவர்களும் உண்டு. சண்டை வந்ததும் ஊர் சொல்வது ஒன்றுதான்: முதல்லயே ஒழுங்கா எழுதி வாங்கியிருக்கணும். எழுத்து இல்லாததுதான் கோளாறு என்கிற இந்தத் தீர்ப்பு பாதிதான் உண்மை. தமிழ்நாட்டில் கட்டுமான ஒப்பந்தம் நடந்து வந்த வழியைப் பார்த்தால் எழுத்துக்குக் குறைவே இருந்ததில்லை என்பது தெரியும். குறைவு ஓர் ஆளுக்குத்தான். கட்டச் சொன்னவரும் கட்டுகிறவரும் அல்லாத மூன்றாம் ஆள் ஒருவர் வேலையை அளந்து, 'இவ்வளவு நடந்திருக்கிறது, இவ்வளவு கொடுக்கலாம்' என்று கையெழுத்துப் போட வேண்டும். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பொதுப் படிவமாக எழுந்த கட்டட ஒப்பந்தங்கள் இந்த ஆளைச் சுற்றித்தான் எழுதப்பட்டன. நமக்கு வந்து சேர்ந்த படிவத்திலோ அவருடைய நாற்காலியில் பணம் கொடுப்பவரே உட்கார்ந்திருந்தார்.

அளவு யாருடையது என்ற கேள்வி இந்த மண்ணுக்குப் புதிதல்ல. சோழர் காலத்தில் நிலம் அளக்கும் கோலின் நீளத்தைக் கோயில் சுவரிலோ அடித்தளத்திலோ கோடாக வெட்டி வைத்தார்கள். அப்படிப்பட்ட குறிகள் தமிழகக் கோயில்கள் பலவற்றில் இன்றும் இருக்கின்றன. வரி வாங்குகிறவரும் கட்டுகிறவரும் ஒரே கோட்டில் தம் கோலை வைத்துப் பார்க்கலாம். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் பொன்னின் எடையைச் சொல்லும்போது 'ஆடவல்லான்' என்னும் கல்லால் நிறுத்தது என்றும் சேர்த்தே சொல்கின்றன. எடையை மட்டும் எழுதினால் போதாது, எந்தக் கல்லால் நிறுத்தோம் என்பதும் ஆவணத்தில் இருக்க வேண்டும் என்ற தெளிவு அது. திட்டக்குடிக்கு இன்னும் நெருக்கமான சான்று சிதம்பரத்தில் இருக்கிறது. அங்கே வடக்குக் கோபுரத்தில் அதைக் கட்டிய ஸ்தபதிகளின் உருவங்கள், பெயர்களோடும் அளவுகோலோடும் செதுக்கப்பட்டுள்ளன. அவர்களுள் கேசவப்பெருமாள் என்பவர் விருத்தகிரியைச் சேர்ந்தவர், அதாவது விருத்தாசலத்துக்காரர். கிருஷ்ணதேவராயரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கோபுரத்தில், கட்டியவர் தம்மை அடையாளம் காட்டிக்கொள்ளத் தேர்ந்த பொருள் அளவுகோல்.

இதை வைத்துப் பழங்காலம் பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. ஸ்தபதி என்பவர் வரைந்தவரும் கட்டியவரும் ஒரே ஆள். வடிவமைப்பாளர் தனி, ஒப்பந்தக்காரர் தனி என்ற பிரிவு அங்கே இல்லை. கோபுரத்தின் சொந்தக்காரரோ அரசரும் கோயிலும். மேஸ்திரியோடு வழக்காடும் நிலை அரசருக்கு ஏன் வரப்போகிறது? ஏரி வேலையில் நிலைமை இன்னும் கடுமை. குடிமராமத்து என்று நாம் இன்று பெருமையாகச் சொல்லும் வழக்கத்தின் மறுபக்கம் கட்டாய உழைப்பு. கரை உடையும் ஆபத்து வந்தால் ஊராரை வேலைக்கு இழுக்க அதிகாரம் தந்த சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் 1858இல் வந்தது. ஒப்பந்தம் என்றால் இரண்டு பேரும் 'முடியாது' என்று சொல்லக்கூடிய இடம் வேண்டும். அந்த இடம் அங்கே இருக்கவில்லை. ஆகவே பழமையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது குறைவு: அளவு பொதுவில் இருக்க வேண்டும் என்ற எண்ணம் ஒன்றுதான்.

ஒப்பந்தம் என்ற நடைமுறையைத் தாலுகா ஊர்கள் வரை கொண்டுவந்தது பொதுப்பணித் துறை. 1850களில் அது உருவானது. திட்டக்குடிப் பக்கத்தில் அதன் பெரிய அடையாளம் கீழ்ச்செருவாயில் இருக்கும் வெலிங்டன் ஏரி. தொழுதூரில் வெள்ளாற்றை மறித்துத் தண்ணீரைத் திருப்பிக் கொண்டுவரும் அந்த நீர்த்தேக்கம் 1920களின் தொடக்கத்தில் முடிந்தது. இப்படிப்பட்ட வேலைகளையும் அவற்றின் பராமரிப்பையும் சுற்றி ஒரு தொழில் உலகமே வளர்ந்தது. ஓவர்சியர், ஒர்க் இன்ஸ்பெக்டர், சப்-காண்ட்ராக்டர், மண் வேலைக்கு ஆள் கட்டுபவர், ஜல்லி உடைக்கக் குடும்பத்தோடு வருகிறவர்கள் எனப் பலர் அதில் பிழைத்தனர். துறையின் கே-2 என்ற படிவ ஒப்பந்தமும் மொத்தத் தொகை ஒப்பந்தமும் காண்ட்ராக்டர்களின் அன்றாடப் பேச்சில் கலந்தன. இவற்றுக்கெல்லாம் அடிப்படை 'மெட்ராஸ் டீடெய்ல்டு ஸ்டாண்டர்டு ஸ்பெசிஃபிகேஷன்ஸ்' என்ற தடித்த நூல். செங்கல்லை எப்படி நனைப்பது, கலவை எப்படிக் கலப்பது என்பதெல்லாம் அதில் இருக்கும். அதன் முன்பகுதியான பூர்வாங்க விதிகள்தான் உண்மையான ஒப்பந்தம். காண்ட்ராக்டர் டெண்டரில் கையெழுத்துப் போட்டாலே அந்த விதிகள் முழுவதற்கும் கட்டுப்பட்டவர் ஆவார். எழுத்தின் நேர்த்தியைப் பார்த்தால் அந்த நூலில் குறை சொல்ல அதிகம் இல்லை. இன்று பல தனியார் ஒப்பந்தங்களில் காணக் கிடைக்காத நுணுக்கம் அதில் உண்டு.

அளப்பது எப்படி நடந்தது என்பதும் துல்லியமாகவே வகுக்கப்பட்டிருந்தது. களத்தில் இருக்கும் பொறியாளர் அளந்து, பக்க எண் போட்ட அளவுப் புத்தகத்தில் எழுத வேண்டும். அதைத்தான் எல்லோரும் எம்-புக் என்பார்கள். காண்ட்ராக்டர் அளவை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுவார். மேலதிகாரி ஒரு பங்கை மறுபடி அளந்து சரிபார்ப்பார். அதன் பிறகே பில் நகரும். அரசுப் பணத்தைக் காப்பதற்கான ஏற்பாடு என்ற அளவில் இது மிக நல்ல ஏற்பாடு. ஆனால் அளப்பவர், சரிபார்ப்பவர், பில்லைப் பாஸ் செய்பவர், தாமதத்துக்கு அபராதம் போடுபவர் எல்லோரும் ஒரே துறையின் சம்பளக்காரர்கள். தகராறு வந்தால் நடுவராக உட்கார்ந்தவரும் துறையின் உயர் பொறியாளர் ஒருவரே. ஆந்திரம் 1953இல் பிரிந்தபோது இந்த நூலையும் தன்னோடு கொண்டுபோனது. அங்கே இதன் 59ஆம் விதி பல வழக்குகளில் பேர் பெற்றது. எந்தக் காரணத்தால் வேலை தடைப்பட்டாலும் தாமதத்துக்காக இழப்பீடு கேட்க முடியாது, காலநீட்டிப்பு மட்டுமே கிடைக்கும் என்பது அதன் சாரம். துறை நிலத்தைக் கையகப்படுத்தித் தர ஒரு வருஷம் பிந்தினாலும் காண்ட்ராக்டரின் ஆளும் எந்திரமும் சும்மா கிடந்த செலவு அவர் தலையில்தான். இரு தரப்புக்கும் பொருந்தும் விதி என்றுதான் எழுதியிருக்கிறது. நடைமுறையில் தாமதத்தால் நஷ்டப்படுவது யார் என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். அந்த விதி செல்லும் என்றே உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் தீர்ப்புச் சொன்னன.

இதே காலத்தில் வெளியே நடந்ததை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 1888இல் கட்டடக் கலைஞர் அமைப்புகளும் கட்டுநர்களின் தேசியச் சங்கமும் சேர்ந்து ஒரே மாதிரி ஒப்பந்தம் ஒன்றை வெளியிட்டன. இங்கிலாந்தில் முதலில் கட்டடக் கலைஞர்கள் தாங்களாக எழுதிய படிவங்களைக் கட்டுநர்கள் ஏற்க மறுத்தார்கள். நீண்ட இழுபறிக்குப் பின் இரு தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதும் கூட்டுக் குழு 1931இல் அமைந்தது. அங்கே பொதுப் படிவம் என்றாலே இரு தரப்பும் பேரம் பேசி ஒப்புக்கொண்ட படிவம் என்று பொருள். நம் படிவத்தைப் பணம் கொடுப்பவர் ஒருவரே எழுதினார். அவர்களுடைய படிவத்தின் நடுவில் கட்டடக் கலைஞர் நிற்கிறார். அவர் தரும் சான்றிதழ் இல்லாமல் காண்ட்ராக்டருக்குப் பணம் வராது. சான்றிதழ் தந்துவிட்டால் உரிமையாளர் கொடுக்காமல் இருக்க முடியாது. சென்னையில் உயர் நீதிமன்றக் கட்டடம் 1892இல் திறக்கப்பட்டபோது உரிமையாளர், கட்டடக் கலைஞர், ஒப்பந்தக்காரர் என்ற முக்கோணம் இங்கும் இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது. வேலையை நிறைவேற்றியவர் ஹென்றி இர்வின், காண்ட்ராக்டர் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டி. ஆனால் இர்வின் அரசின் ஆலோசனைக் கட்டடக் கலைஞர். முக்கோணத்தின் இரண்டு முனைகள் ஒரே சம்பளப் பட்டியலில் இருந்தன. நம்பெருமாள் செட்டி சென்னையின் பெரும் செல்வராக உயர்ந்தார் என்பதால் அந்த ஏற்பாடு யாரையும் நசுக்கவில்லை என்று வாதிடலாம். மூலதனம் உள்ளவர் பில்லுக்காகக் காத்திருக்க முடியும். ஜல்லி உடைத்தவர் எத்தனை நாள் காத்திருப்பார்?

உரிமையாளரிடம் கட்டணம் வாங்கும் கட்டடக் கலைஞர் மட்டும் எப்படி நடுநிலையாளர் ஆவார் என்ற மறுப்பு சரியானது. இங்கிலாந்திலும் அதைக் கேட்டார்கள். சட்கிளிஃப் எதிர் தாக்ரா என்ற வழக்கில் கட்டடக் கலைஞர்கள் குறையுள்ள வேலைக்கும் சேர்த்துச் சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள். காண்ட்ராக்டர் திவாலானார். கூடுதலாகக் கொடுத்த பணம் போயிற்று. சான்றிதழ் தரும்போது நாங்கள் நீதிபதி மாதிரி, எங்கள் மீது வழக்குப் போட முடியாது என்றார்கள் அவர்கள். 1974இல் பிரபுக்கள் சபை அதை ஏற்கவில்லை. இரு தரப்புக்கும் நியாயமாக நடக்கும் கடமை அவர்களுக்கு உண்டு, அதே நேரம் கவனக்குறைவுக்கும் பொறுப்பு உண்டு என்றது. உலக வங்கி வேலைகள் வழியாக நமக்கும் பழக்கமான, சர்வதேசப் பொறியாளர் கூட்டமைப்பின் ஃபிடிக் படிவம் 1957இல் பொறியாளரை நடுவில் நிறுத்தித் தொடங்கியது. அவருடைய நடுநிலை மீது ஐயம் வளர்ந்ததும் 1999 பதிப்பில் தனித் தகராறுக் குழுவைச் சேர்த்தது. அதாவது, மூன்றாம் ஆள் புனிதர் என்று அங்கே யாரும் நம்பவில்லை. அவர் சாயக்கூடும் என்று தெரிந்தே ஒவ்வொரு பதிப்பிலும் வேறு வேறு முட்டுக் கொடுத்தார்கள். இந்தியாவில் அந்தத் திருத்தம் மிகத் தாமதமாக வந்தது. ஒரு தரப்பின் ஊழியரே நடுவராக இருக்கக் கூடாது என்று நடுவர் சட்டம் திருத்தப்பட்டது 2015இல். தீர்ப்பில் அக்கறை உள்ள ஒருவர் தனி நடுவரை நியமிக்கவும் முடியாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொன்ன வழக்கில் மனுதாரர் ஒரு கட்டடக் கலை நிறுவனம் என்பது தற்செயல்தான், ஆனாலும் பொருத்தம். 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, பொதுத்துறை ஒப்பந்தங்களில் இத்தகைய ஒருதலை நியமனம் சமத்துவத்துக்கே விரோதம் என்றது.

பெரிய வேலைகளின் கதை இது. திட்டக்குடியின் தெருக்களில் எழும் வீட்டுக்கு இதில் எந்தப் பங்கு இறங்கி வந்தது? சொற்கள் வந்தன. எஸ்டிமேட், அட்வான்ஸ், எக்ஸ்ட்ரா, பார்ட் பில் என்ற பேச்செல்லாம் அரசு வேலையிலிருந்து கசிந்து வந்தவைதான். எம்-புக் வரவில்லை. அதற்குப் பதிலாகச் சதுரடிக் கணக்கு வந்தது. பார்ப்பதற்கு எளிமையாக இருக்கும் அந்தக் கணக்குக்குள் அளவுச் சண்டைகள் ஒளிந்திருக்கின்றன. போர்ட்டிகோ முழுக் கணக்கா பாதிக் கணக்கா? படிக்கட்டுக்கு மேலுள்ள ஹெட்ரூம் சேருமா? சன்ஷேடு, பரணை, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர்? சம்ப்பும் செப்டிக் டேங்கும் ரேட்டுக்குள்ளா வெளியிலா? லேபர் மட்டும் பேசியிருந்தால் பூச்சு வேலைக்கு ஜன்னலைக் கழிக்க வேண்டுமா வேண்டாமா? கடைசிக் கேள்விக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 1200 பல பத்தாண்டுகளுக்கு முன்பே விடை எழுதி வைத்திருக்கிறது. அரைச் சதுர மீட்டருக்கு மேற்படாத திறப்புக்குக் கழிவு இல்லை, அதற்கு மேல் மூன்று சதுர மீட்டர் வரை ஒரு பக்கத்துக்கு மட்டும் கழிவு. ஜன்னல் ஓரத்துப் பூச்சுக்கான உழைப்பை மனத்தில் வைத்து எழுதிய நியாயமான விதி. பொறியியல் மாணவர் பரீட்சைக்குப் படிக்கும் இந்த விதி, கொத்தனாரும் வீட்டுக்காரரும் இஞ்ச் டேப்பை நீட்டிக்கொண்டு நிற்கும் இடத்துக்கு வந்து சேருவதில்லை. அதைக் கொண்டுவர வேண்டிய ஆள் அங்கே இல்லை.

மண்ணைப் பற்றிய கேள்வியையும் இங்கே தொட வேண்டும். திட்டக்குடி வட்டத்தில் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் கரிசல் பரப்பு உண்டு. மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும் மண் அது. பேசிய ஆழத்துக்குக் கடைக்கால் தோண்டிய பின்பும் கெட்டி மண் தட்டுப்படாவிட்டால் மேலும் ஆகும் செலவு யாருடையது? ஃபிடிக் படிவத்தில் முன்கூட்டி ஊகிக்க முடியாத நில நிலைமைக்குக் காண்ட்ராக்டர் கோரிக்கை வைக்கலாம். நம் அரசு ஒப்பந்தங்களில் இடத்தை நேரில் பார்த்துத் திருப்தியடைந்தே டெண்டர் போட்டதாக அவரிடம் எழுதி வாங்கிவிடுவார்கள். முத்திரைத் தாளில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது. விளைவு, ஆழம் குறையும், இல்லாவிட்டால் கம்பி குறையும். யாரும் ஏமாற்ற வேண்டும் என்று நினைக்காமலேயே குறையும்.

எழுத்தும் வேண்டாம், மூன்றாம் ஆளும் வேண்டாம், ஊருக்குள் நம்பிக்கையில்தான் எல்லாம் நடக்கிறது என்று சொல்பவர்களின் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. மேஸ்திரி பக்கத்து ஊர்க்காரர். இந்த வீட்டில் கெட்ட பெயர் எடுத்தால் அடுத்த வேலை கிடைக்காது. சம்பந்தி வீட்டுக்கும் அவர்தான் கட்டியிருப்பார். நீதிமன்றத்தைவிட இந்தக் கட்டு வலுவானது என்பது பல இடங்களில் உண்மை. ஆனால் அது பலித்தது நாள் கூலிக்கு ஆள் வைத்து, சாமானை வீட்டுக்காரரே வாங்கிப் போட்ட காலத்தில். அப்போது மேஸ்திரியின் கையில் இருந்தது அவருடைய உழைப்பு மட்டும். இன்று சிமெண்ட், கம்பி, எம்-சாண்ட், டைல்ஸ், ஒயரிங் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே ரேட்டில் பேசும்போது, விலையேற்றத்தின் ஆபத்து முழுவதும் அவர் தோளுக்கு மாறிவிடுகிறது. கம்பி விலை ஏறினால் நேர்மையான மேஸ்திரியும் அடுத்த வேலையின் அட்வான்ஸை எடுத்து இந்த வேலையை முடிப்பார். அப்படி முடிக்க முடியாமல் போகும் நாளில் நம்பிக்கை உடைகிறது. அவருடைய குணத்துக்கு நற்சான்று கொடுக்க ஊரில் நூறு பேர் இருப்பார்கள். லிண்டல் மட்டத்தில் நின்றுபோன கட்டடத்தின் மதிப்பு என்ன என்று சொல்ல ஒருவரும் இருக்கமாட்டார்.

நின்றுபோன கட்டடத்துக்குச் சட்டம் என்ன தரும்? இங்கிலாந்தில் 1898இல் நடந்த ஒரு வழக்கில், 565 பவுனுக்கு மொத்தமாகப் பேசிய கட்டுநர் 333 பவுன் பெறுமான வேலையை முடித்ததும் பணமின்றி விட்டுப் போனார். அந்த அரைகுறை வேலைக்கு அவருக்கு எதுவும் கிடைக்கவில்லை. களத்தில் விட்டுச்சென்ற சாமானை உரிமையாளர் பயன்படுத்திக்கொண்டதற்கு மட்டும் விலை கிடைத்தது. நம் நாட்டில் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆம் பிரிவு இதைவிட இரக்கம் உள்ளது. இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் செய்ததன் பலனை இன்னொருவர் அனுபவித்தால் ஈடு கொடுத்தாக வேண்டும். வங்காள அரசின் அதிகாரிகள் கேட்டுக்கொண்டபடி கட்டிக்கொடுத்த பி.கே. மண்டல் நிறுவனத்துக்கு, முறையான ஒப்பந்தம் இல்லாதிருந்தும், 1961 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவின்படியே பணம் வாங்கிக் கொடுத்தது. தாள் இல்லாவிட்டால் வழக்கே இல்லை என்ற பயம் ஆகவே முழுக்கச் சரியல்ல. வீடு கட்டித் தருவது சேவை என்று நுகர்வோர் சட்டத்தில் சேர்க்கப்பட்டது 1993இல். அந்த வழியும் திறந்திருக்கிறது. ஆனால் எந்த வாசலில் நுழைந்தாலும் முதலில் எழுவது எவ்வளவு வேலை, என்ன தரம் என்ற கேள்வி. அதற்காக நீதிமன்றம் அட்வகேட் கமிஷனர் ஒருவரை நியமிக்கும், அவர் ஒரு பொறியாளரை அழைத்துக்கொண்டு வந்து அளப்பார். அப்போது கம்பி காங்கிரீட்டுக்குள் போயிருக்கும், கடைக்கால் மண்ணுக்குள் போயிருக்கும். வேலை நடக்கும்போது வர வேண்டிய மூன்றாம் ஆள், சண்டை முற்றிய பிறகு நீதிமன்றச் செலவில் வருகிறார்.

சிறு வீட்டுக்கு ஆர்க்கிடெக்ட் வைக்கக் கட்டுப்படியாகுமா என்பதுதான் கடைசியாக எழும் மறுப்பு. பல லட்சம் போட்டுக் கட்டுகிறவர் அதில் ஒரு பங்கைக் கட்டணமாகக் கொடுக்கத் தயங்குவது இயல்புதான். ஆனால் மூன்றாம் ஆளுக்கு அவர் ஏற்கெனவே பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறார். வீட்டுக் கடன் கொடுக்கும் வங்கியின் பொறியாளர் ஒவ்வொரு கட்டத்திலும் வந்து பார்த்துச் சொன்ன பிறகே அடுத்த தவணை விடுவிக்கப்படுகிறது. அந்தச் செலவு கடன் வாங்குகிறவர் கணக்கில்தான் ஏறுகிறது. அவர் பார்ப்பது வங்கியின் பணத்துக்கு ஈடாகச் சுவர் எழுந்திருக்கிறதா என்பதை. அந்தச் சுவருக்குள் என்ன கம்பி என்பது அவருடைய வேலை அல்ல. மங்களூர், நல்லூர் ஒன்றியங்களில் பிரதமர் வீட்டுத் திட்டத்திலோ கலைஞரின் கனவு இல்லத்திலோ கட்டுகிறவர்களிடம் ஓவர்சியர் வந்து பார்த்துப் படம் எடுத்துப் போனால்தான் அடுத்த பில். கட்டம் கட்டமாக அளந்து பணம் தரும் முறை இந்த ஊர்களுக்கு அந்நியம் என்று இனி யாரும் சொல்ல முடியாது. பணம் வங்கியுடையதாகவோ அரசினுடையதாகவோ இருக்கும்போது அளக்க ஆள் வருகிறார். குடும்பத்தின் சேமிப்பாக இருக்கும்போது வருவதில்லை.

2024 ஜூலையில் தமிழக அரசு, 2,500 சதுரடிக்குள் மனையும் 3,500 சதுரடிக்குள் கட்டடமும் உள்ள வீடுகளுக்குச் சுயசான்று முறையில் உடனடி அனுமதி தரத் தொடங்கியது. அலைச்சலும் கையூட்டும் குறையும் என்ற வகையில் வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் அதோடு வீட்டை வந்து பார்க்கும் அரசு ஆள் ஒருவர் விலகிப்போகிறார். அவர் ஒருநாளும் வீட்டுக்காரருக்காக வந்தவர் அல்ல, விதிமீறலைப் பார்க்க வந்தவர். இருந்தாலும் காலியான இடம் காலியான இடம்தான். பேஸ்மட்டம், லிண்டல், தளக் கம்பி, பூச்சு என நான்கு நாள் வந்து அளந்து, இரு தரப்புக்கும் ஒரே தாளில் எழுதிக் கொடுக்க, அவ்வளவு வேலைக்கு மட்டும் கட்டணம் வாங்கும் பொறியாளர் விருத்தாசலத்திலும் திட்டக்குடியிலும் கிடைக்க மாட்டார் என்பதில்லை. பிளான் போட்டுக் கையெழுத்திடும் தொழிலை அவர்கள் ஏற்கெனவே செய்கிறார்கள். முத்திரைத் தாளில் அவர் பெயரைச் சேர்த்து, தவணை அவர் கையெழுத்துக்குப் பின்பே என்று ஒரு வரி எழுத வேண்டும், கட்டணத்தை இருவரும் பாதிப் பாதி கொடுக்க வேண்டும். மேஸ்திரி ஏன் பாதி கொடுக்க வேண்டும் என்று கேட்டால், வேலை முடிந்தும் பாக்கி வராமல் அலைகிறவர்களில் பாதிப் பேர் மேஸ்திரிகள்தானே.